குடும்பச் சிந்தனை: நோயுற்ற குழந்தையின் உள்ளம்



வரதய்யபாளையத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களின் நன்மை தீமைகளை இப்பகுதியில் திங்கள்தோறும் பேசி வருகிறோம். வாடகை வீடு, பள்ளிக்கூடம், ஆலைப்பணி, ஊரில் விட்டு வந்த முதியோர் எனப் பலவற்றையும் பேசினோம். இத்திங்கள் எடுத்துக்கொள்ளும் பொருள் சற்றுக் கனமானது. புற்றுநோய் கண்ட குழந்தையின் உடலுக்கு மருத்துவர் மருந்து தருகிறார். அக்குழந்தையின் உள்ளத்திற்கு மருந்து தருவோர் யாவர்? அதனை எங்ஙனம் தருவது? இவ்விரு வினாக்களுக்கும் நம்மால் இயன்ற விடையைத் தேடுவோம்.

நாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தர் பணி செய்து வாழ்கிறோம். ஆயினும், நோயாளிக்குரிய சலுகைப் படிவத்தைக் கையில் ஏந்திப் பயணச்சீட்டுக்கு வரும் பெற்றோர் பலரை அப்பணியின் காரணமாகவே அறிவோம். அவர்களுள் நம் சங்கத்துக் குடும்பத்தினரும் உண்டு. அவர்கள் சொல்லக் கேட்டவற்றையும், நூல்களாலும் மருத்துவர் வாயிலாகவும் தெளிந்தவற்றையும் இங்கே தொகுத்துரைக்கிறோம்.

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர் ஒரு கூறு. நோய் தீர்ப்பவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து பணிவிடை செய்பவர் ஒரு கூறு. இந்நான்காம் கூற்றை மற்ற மூன்றோடும் ஒப்ப வைத்து எண்ணியதே நாம் கருதத்தக்கது. மருத்துவரையும் மருந்தையும் நாம் படைத்துவிட முடியாது. நான்காம் கூறோ முற்றிலும் நம் கையில் இருப்பது. தாய், தந்தை, உடன்பிறந்தார், பாட்டி, அண்டை வீட்டார், பள்ளி ஆசிரியர், சங்கத்தார் ஆகிய அனைவரும் அதனுள் அடங்குவர்.

நம்பிக்கைக்கு இடமுண்டு

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்திவிடுவோம். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடனே ‘இனி ஒன்றுமில்லை’ என்று இடிந்துபோவது நம் மக்களின் இயல்பு. குழந்தைகளைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தாது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் குழந்தைகளும் இளையோரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. செல்வ நாடுகளில் அவர்களுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் நூற்றுக்கு 30 பேருக்கும் குறைவாகவே குணமடைகின்றனர். காலந்தாழ்த்தி நோயை அறிவதும், மருந்து கிட்டாமையும், தொடங்கிய சிகிச்சையை நடுவே கைவிடுவதும் இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணங்கள். உலகெங்கும் நூற்றுக்கு 60 குழந்தைகளையாவது 2030 ஆம் ஆண்டுக்குள் பிழைக்க வைப்பது என்று அந்நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் குறிக்கோள் வகுத்தது.

இந்த முன்னேற்றத்தில் நாம் வந்து வாழும் இத்தெலுங்கு நாட்டிற்கும், நாம் பிறந்த தமிழ் நாட்டிற்கும் பங்குண்டு. 1895 ஆம் ஆண்டில் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பின் அமெரிக்கா சென்றவர். லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உழைத்த குழுவினர் அமினாப்டெரின் என்னும் மருந்தை ஆக்கினர். பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி பார்பர் அதனை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிறிது காலமேனும் நோய் தணிந்தது என்று அவர் 1948 ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். அவ்வாண்டிலேயே சுப்பாராவ் காலமானார். அதே மருந்தின் உடன்பிறப்பாகிய மெத்தோடிரெக்சேட் இன்றும் நம் குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. நம் வீட்டு முற்றத்தில் தானே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின் என்னும் மருந்தும் அத்தகையதே. செடியைப் பறித்து அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சாகும். மருந்தாக மாற்றி அளந்து கொடுப்பது மருத்துவரின் வேலை.

சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை 1954 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தம் தங்கை இந்நோயால் மாண்டதைக் கண்ட துயரமே அவரை அப்பணிக்குத் தூண்டியது. 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்நிலையத்தில் அவர்தம் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021 ஆம் ஆண்டில் மறைந்த டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே ஒப்படைத்தனர். 1960 ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கென அங்கே தனிப் பிரிவு ஏற்பட்டது. நம் பக்கத்திலோ, திருமலை திருப்பதி தேவஸ்தானம் அளித்த நிலத்தில் டாட்டா அறக்கட்டளைகளின் முயற்சியால் எழுந்த புற்றுநோய் மருத்துவமனை 2022 ஆம் ஆண்டில் திருப்பதியில் திறக்கப்பட்டது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டாத் தொலைவன்று. ஆகவே, ‘எங்கே போவோம்’ என்று கலங்க வேண்டுவதில்லை.

குழந்தை அறியாதென்று எண்ண வேண்டா

பெற்றோர் பலர் செய்யும் முதற் காரியம் நோயின் பெயரை மறைப்பது. ‘சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்? சொன்னால் பயந்துவிடும்’ என்பர். அவர்தம் அன்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் குழந்தை அறியாதிருக்கிறதா என்பதே வினா.

மைரா புளூபாண்ட் லாங்னர் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், இரத்தப் புற்றுநோய் கண்ட சிறு குழந்தைகளோடு ஒரு மருத்துவமனையில் நெடுநாள் பழகி, தாம் கண்டவற்றை 1978 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். எவரும் வாய்திறந்து சொல்லாதிருந்தும், அக்குழந்தைகள் தம் நோயின் தன்மையையும் அதன் முடிவையும் அறிந்திருந்தனர். பக்கத்துப் படுக்கைக் குழந்தை ஒருநாள் காணாமற்போவதையும், தாயின் சிவந்த கண்களையும், தாம் அறைக்குள் வந்தவுடன் பெரியோரின் பேச்சு நின்றுபோவதையும் கொண்டு அவர்களே முடிவுக்கு வந்தனர். வியப்பு யாதெனில், தாம் அறிந்துவிட்டதை அவர்கள் பெற்றோரிடம் காட்டிக்கொள்ளவில்லை. பெற்றோர் அறியாதவர்போல் நடிக்க, பெற்றோரின் மனம் நோகாதிருக்கப் பிள்ளைகளும் அறியாதவர்போல் நடித்தனர். இருபுறமும் அன்பு இருந்தது. நடுவிலோ சுவர் எழும்பியது. அச்சுவருக்கு அப்பால் குழந்தை தன் அச்சத்தோடு தனித்தே இருந்தது.

அயல்மொழி வழங்கும் மண்ணில் வாழும் நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு கற்றுவிடுகின்றனர். தாய்மாருக்குத் தெலுங்கு வருவதில்லை. கடையிலும் அலுவலகத்திலும் பிள்ளையே நமக்கு வாயாக இருக்கிறது. மருத்துவமனையிலும் அவ்வாறே ஆகிவிடுகிறது. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். பெயரும் தெருவும் கூற மாட்டோம். பதினோரு வயதுப் பெண் ஒருத்தி. தந்தை ஆலையில் இரவுப்பணி முடித்து வர இயலாத ஒருநாள், தாயும் மகளும் மட்டும் மருத்துவரைக் காணச் சென்றனர். மருத்துவர் தெலுங்கில் விளக்கினார். அதனைக் கேட்ட மகள் தாயிடம், “இன்னும் நாலு மாசம் ஊசி போடணுமாம் அம்மா, வேறொன்றும் இல்லையாம்” என்றாள். நோய் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது என்று மருத்துவர் கூறியதை அவள் விழுங்கிவிட்டாள். மூன்று நாட்களுக்குப் பின், தமிழ் தெரிந்த செவிலி ஒருவரால் தாய் அதனை அறிந்தாள். “ஏண்டி கண்ணு என்கிட்டே சொல்லலே?” என்று கேட்டதற்கு, “நீ அழுவேன்னுதான்” என்று மகள் விடை பகர்ந்தாளாம்.

மூன்று நாட்கள் அப்பெண் அச்சொல்லைத் தன் நெஞ்சில் தனியே சுமந்திருக்கிறாள். பதினோரு வயதில் அச்சுமை தகுமா? ஆகவே, தாய்மார்களே, எக்காரணத்தாலும் நோயுற்ற குழந்தையையே நோய்க்கு மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். இருமொழியும் அறிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சங்கத்தில் அத்தகையோர் பலர் உள்ளனர். ஒருநாள் கூலியை இழந்தும் வரக்கூடியவர்கள் அவர்கள். பெரியோர் முதலில் கேட்டுக்கொள்ளட்டும். பின்னர்க் குழந்தைக்கு அதன் வயதிற்கேற்பச் சொல்லட்டும். அப்பெண்ணும் தாயும் இப்பொழுது ஒன்றாகவே அமர்ந்து செய்தி கேட்கின்றனர். உடன் ஒரு பெரியவரும் செல்கிறார். சிகிச்சை நடந்து வருகிறது.

எவ்வாறு சொல்வது?

குழந்தைக்குச் சொல்லவேண்டியவை மூன்று. ஒன்று, நோயின் பெயர். இரண்டு, அது யாருடைய குற்றத்தாலும் வந்ததன்று என்பது. மூன்று, இனி என்ன நிகழும் என்பது.

இவற்றுள் இரண்டாவதே மிக இன்றியமையாதது. சிறுவர்கள் உலகத்தில் நிகழும் யாவும் தம்மால் நிகழ்வதாக எண்ணும் இயல்புடையவர்கள். ‘தம்பியை அடித்தேன், அதனால் வந்தது’, ‘பாட்டி சொல்லைக் கேட்காமல் வெயிலில் ஆடினேன், அதனால் வந்தது’ என்று தமக்குள்ளே தீர்ப்பெழுதிக்கொள்வர். குழந்தைகட்கு வரும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னும் அறியப்படவில்லை. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பரம்பரைக் கூற்றால் வருவது. உண்ட உணவோ, செய்த குறும்போ, தாயின் கவனக்குறைவோ காரணமன்று. இந்நோய் தொற்றுவதும் இல்லை. இவ்வுண்மையைக் குழந்தை கேளாவிடினும் நாமே எடுத்துச் சொல்லவேண்டும். ஒருமுறை சொல்லி அமையாது பலமுறையும் சொல்லவேண்டும்.

மூன்றாவதிலும் மெய்யே கூறல் வேண்டும். ‘ஊசி வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கொடுத்தால், அடுத்த முறை அக்குழந்தை நம் சொல் எதனையும் நம்பாது. ‘எறும்பு கடித்தாற்போல் வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், அம்மா மடியிலேயே இருக்கலாம்’ என்று சொல்லுங்கள். குழந்தையின் கையில் சிறு உரிமையும் கொடுங்கள். எந்தக் கையில் குத்துவது, எந்தச் சட்டையை அணிவது, மாத்திரையைத் தேனோடு உண்பதா நீரோடு உண்பதா என்று, மருத்துவர் இசையும் அளவிற்கு, அதுவே தெரிவு செய்யட்டும். தன் உடம்பின்மேல் தனக்கு எவ்வுரிமையும் இல்லை என்ற எண்ணமே நோயினும் கொடியது.

குழந்தை வினவினால் வினவிய அளவிற்கு விடை கூறுங்கள். ‘நான் செத்துப்போவேனா?’ என்று ஒருநாள் கேட்கக்கூடும். ‘சீ, வாயைக் கழுவு’ என்று அதட்டினால் அவ்வாய் மீண்டும் திறவாது. ‘ஏன் கண்ணு அப்படித் தோன்றுகிறது?’ என்று மெல்லக் கேளுங்கள். பக்கத்துப் படுக்கைப் பையனை நினைத்துக் கேட்டிருக்கலாம். அல்லது இரவில் தனியே விடப்படுவோமோ என்ற அச்சத்தால் கேட்டிருக்கலாம். எதனால் கேட்கிறது என்பதை அறிந்து அதற்கு விடை தருவதே முறை. ஒன்றை மறவாதீர்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது ‘தூங்கிவிட்டார்’ என்று சிறு குழந்தையிடம் கூறாதீர்கள். தூங்கினால் எழமாட்டோம் என்று அஞ்சி, அக்குழந்தை இரவெல்லாம் விழித்திருக்கும்.

வழிபாடும் வேண்டுதலும்

நம் மக்கள் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள். ஒருபுறம் காளத்தி, ஒருபுறம் திருமலை. நம்முள் மாதா கோயிலுக்குச் செல்வோரும் பள்ளிவாசலுக்குச் செல்வோரும் உண்டு. துன்பம் வந்தவிடத்து இறைவனை அழைப்பது இயற்கை. நோயுற்ற குழந்தைக்கும் வழிபாடு பெருந்துணையாகும். ஆயினும் இதில் சில எச்சரிக்கைகள் வேண்டும்.

முதலாவது, குழந்தையின் காது கேட்க ‘முன்வினை’, ‘பாவம்’, ‘தெய்வக் குற்றம்’ என்று பேசுதல் ஆகாது. நோய் விசாரிக்க வருவோர் பெரும்பாலும் இதனையே பேசுகின்றனர். வினைக்கொள்கையைப் பற்றி நாம் வாதிட வரவில்லை. பெரியோர் அதனைத் தம்முள் எண்ணித் தேறுதல் பெறலாம். ஆனால் எட்டு வயதுக் குழந்தை அதனை எவ்வாறு கேட்கும்? ‘சாமிக்கு என்மேல் கோபம்’ என்றே கேட்கும். தெய்வமும் தன்னைக் கைவிட்டது என்று எண்ணும் குழந்தைக்கு யார் துணை? ‘சாமி கோபித்துக்கொள்ளவில்லை, உனக்கு வலிக்கும்போதும் உன்னோடுதான் இருக்கிறார்’ என்பதே அதற்குச் சொல்லத்தக்க சொல்.

இரண்டாவது, பரிகாரத்தின் பொருட்டு மருந்து நாளைத் தள்ளிப்போடுதல் ஆகாது. காளத்தியில் இராகு கேது பூசைக்குச் செல்லத்தான் வேண்டுமெனின், மருத்துவரைக் கேட்டு, ஊசி நாளை விட்டு வேறொரு நாளில் செல்லுங்கள். இரத்தப் புற்றுநோய்க்குரிய சிகிச்சை பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். இடையில் குழந்தை நன்றாக ஓடியாடும். ‘வேண்டுதல் பலித்தது, இனி மருந்து எதற்கு?’ என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர். நிறுத்திய நோய் திரும்பி வரின் முன்னிலும் வலிதாக வரும்.

மூன்றாவது, மருந்தின் காரணமாக இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டத்துள் செல்லுதல் குழந்தைக்குத் தீங்கு. அந்நாட்களில் கோயிலுக்குச் செல்ல இயலவில்லையே என்று குழந்தை ஏங்கினால், வீட்டிலேயே ஒரு விளக்கை அதன் பொறுப்பில் விடுங்கள். திரி போடுவதும் எண்ணெய் வார்ப்பதும் அதன் கையால் நடக்கட்டும். ஏற்றும்போது பெரியோர் அருகிருக்கட்டும். ஜபமாயினும் துதியாயினும் அவரவர் முறைப்படி செய்யலாம்.

நான்காவது, ‘நீ பிழைத்தால் இன்னது செய்கிறேன்’ என்று நேர்ந்துகொள்வதைக் குழந்தையிடம் ஓயாது சொல்லிக்கொண்டிராதீர்கள். பிழைப்பது தன் கடமை என்றும், பிழையாவிடின் தான் குற்றவாளி என்றும் அது எண்ணிக்கொள்ளும். 

முடியிழப்பைப் பற்றியும் ஒரு சொல். மருந்தினால் முடி உதிரும். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் வளரும். பெண்குழந்தைகள் இதற்குப் பெரிதும் வருந்துவர். ஆனால் நம் வட்டாரத்தில் ஒரு வசதியுண்டு. திருமலை சென்று மீள்வோர் மொட்டைத் தலையோடு நடமாடும் ஊர்கள் இவை. தலையை மழித்தவரை எவரும் ஏனென்று கேட்பதில்லை. உதிரத் தொடங்குமுன்பே தந்தையும் அண்ணனும் குழந்தையோடு சேர்ந்து முடியிறக்கிக்கொண்டால், அது நோயின் அடையாளமாகத் தோன்றாது. குடும்பத்தின் காணிக்கையாகவே தோன்றும். சவரக்கத்தி பட்டுக் காயம் உண்டாகாதவாறு, மருத்துவரைக் கேட்டு, வெட்டும் இயந்திரத்தால் ஒட்ட வெட்டிவிடுதல் நலம்.

விளையாட்டும் பள்ளியும் உடன்பிறந்தாரும்

குழந்தையின் மொழி விளையாட்டே ஆகும். வாயால் சொல்ல அறியாததை அது பொம்மைக்கு ஊசி போட்டுச் சொல்லும். கரியாலும் வண்ணத்தாலும் சுவரில் வரைந்து சொல்லும். அதனைத் தடுக்காமல் அருகிருந்து பாருங்கள். அயல்நாட்டு மருத்துவமனைகள் சிலவற்றில், ஒவ்வோர் ஊசிக்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு மணியைக் கொடுத்துக் குழந்தையைக் கோக்கச் செய்கின்றனர். தான் கடந்து வந்த வழியைக் குழந்தை அந்த மாலையில் காண்கிறது. நாமும் இதனைச் செய்யலாம். சந்தையில் விற்கும் பாசிமணியும் ஒரு நூலும் போதும்.

படிப்பை அறவே நிறுத்திவிடாதீர்கள். ‘இந்நிலையில் படிப்பு எதற்கு?’ என்று பெரியோர் கேட்கும்போது, ‘எனக்கு நாளை என்பதில்லை போலும்’ என்றே குழந்தை பொருள்கொள்கிறது. நாளுக்கு ஒரு பக்கம் எழுதினாலும் போதும். ஆசிரியரைக் கண்டு நிலைமையைக் கூறுங்கள். வகுப்புத் தோழர்கள் ஆளுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால், அதனைவிடச் சிறந்த பழக்கூடை இல்லை. திரும்பி வரும் நாளில் எவரும் கேலி செய்யாதிருக்கவும், ‘ஒட்டிக்கொள்ளும்’ என்று ஒதுக்காதிருக்கவும் ஆசிரியர் முன்னரே வகுப்பில் சொல்லி வைத்தல் வேண்டும்.

நோயுற்ற பிள்ளையின் பின்னே ஒளிந்து நிற்கும் இன்னொரு பிள்ளையையும் காணுங்கள். அண்ணன் மருத்துவமனையில் இருக்க, தங்கை மாதக்கணக்கில் அத்தை வீட்டில் வளர்கிறாள். அவளுக்கு எவரும் எதுவும் சொல்வதில்லை. அண்ணனுக்குப் புதிய பொம்மை வரும்போது பொறாமை தோன்றும். பொறாமைப்பட்டதற்காகப் பின்னர் அவளே நாணுவாள். வாரத்தில் ஒருநாளேனும் தாயோ தந்தையோ அவளோடு மட்டும் இருக்கவேண்டும். உண்மை அவளுக்கும் உரியது.

வலியும் முடிவும்

உள்ளத்தைப் பேணுவது பற்றிப் பேசும்போது உடல்வலியை மறத்தல் ஆகாது. வலியில் துடிக்கும் குழந்தைக்குக் கதையும் தோத்திரமும் பயன்படா. லண்டனில் 1967 ஆம் ஆண்டில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார், உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கிலும் ஒருங்கே எழுவதே நோயாளியின் வலி என்று விளக்கினார். குழந்தைக்கு உரிய ஆறுதற் சிகிச்சை என்பது உடல், உள்ளம், ஆன்மா மூன்றையும் பேணுவது என்றும், குடும்பத்தையும் தாங்குவது என்றும், நோய் கண்டறிந்த நாளிலேயே தொடங்கவேண்டியது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் வரையறுத்தது. கடைசி நாட்களுக்கு மட்டும் உரியது அது என்று எண்ணுவது பிழை.

கடுமையான வலிக்கு மார்பின் தரப்படும்போது, ‘பழக்கமாகிவிடும்’ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். மருத்துவர் அளந்து தரும் மருந்தினால் வலி தணிந்து குழந்தை உறங்குவதைப் போதைப் பழக்கம் என்னலாகாது. 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தால் இம்மருந்து கிடைப்பதே அரிதாயிருந்தது. 2014 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. வலி என்று குழந்தை சொன்னால் நம்புங்கள். மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள்.

எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. இதனை எழுதக் கை தயங்குகிறது. எழுதாது விடுதலும் நேர்மையன்று. குணமாக்க இயலாது என்று மருத்துவர் கைவிரித்த பின்னர்ப் பெற்றோர் என் செய்வது? அப்பொழுது குழந்தையிடம் பேசலாமா? சுவீடன் நாட்டில் புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் கேட்டறிந்த ஆய்வு ஒன்று 2004 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இறப்பைப் பற்றித் தம் குழந்தையோடு பேசிய பெற்றோர் 147 பேர். அவர்களுள் ஒருவரேனும் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாதிருந்தவர் 258 பேர். அவர்களுள் 69 பேர், பேசாமற் போனோமே என்று ஆண்டுகள் பல கழிந்தும் வருந்தினர். எல்லாரும் பேசியே தீரவேண்டும் என்று இதனால் நாம் விதிக்கவில்லை. பேசாதவருள் பெரும்பாலோர் வருந்தவில்லை என்பதும் உண்மையே. குழந்தை பேச விரும்பிக் கதவைத் தட்டினால் திறக்க அஞ்ச வேண்டா என்றே கூறுகிறோம்.

அந்நிலையில் குழந்தைகள் கேட்பவை பெரும்பாலும் பெரியவை அல்ல. என் சைக்கிளை யாருக்குக் கொடுப்பீர்கள், அம்மா தனியே அழுவாளா, என்னை மறந்துவிடுவீர்களா என்றே கேட்கின்றன. இவற்றுக்கு விடை தர அறிஞராயிருக்க வேண்டுவதில்லை. ‘மறக்க மாட்டோம், உன்னை விட்டு எங்கும் போகமாட்டோம்’ என்று கையைப் பற்றிக்கொண்டு சொல்ல எவராலும் இயலும்.

அண்டை வீட்டார் கடமை

சொந்த ஊரில் இருந்தால் சித்தப்பனும் மாமியும் பாட்டியும் சூழ்ந்திருப்பர். இங்கே நமக்கு நாமே உறவு. ஆதலின் சில கடமைகளை நினைவூட்டுகிறோம்.

நோய் விசாரிக்கச் செல்வோர் வாசலில் நின்று அழாதீர்கள். வேறெங்கோ மாண்ட குழந்தையின் கதையைக் கூறாதீர்கள். ‘எப்பொழுது சரியாகும்?’ என்று கேட்டுப் பெற்றோரை வாட்டாதீர்கள். அதற்கு மாறாக ஒருவேளைச் சமைத்த உணவைச் சூடாகக் கொண்டு செல்லுங்கள். மற்றப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வாருங்கள். தாய் இரண்டு மணி நேரம் உறங்க, நீங்கள் குழந்தையின் அருகே தாயம் ஆடுங்கள். சளியோ காய்ச்சலோ உள்ளவர் அந்த வீட்டுக்குச் செல்லாதிருப்பதே அன்பு.

பயணத்தைப் பற்றி நம் தொழில்முறையில் ஒரு செய்தி. புற்றுநோயாளி சிகிச்சைக்கும் அதனைத் தொடர்ந்த பரிசோதனைக்கும் இரயிலில் செல்லும்போது, படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு நூற்றுக்கு 75 தள்ளுபடி. சாதாரண இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் நூற்றுக்கு 75 தள்ளுபடி உண்டு. மருத்துவமனையில் உரிய படிவத்தில் கையொப்பமும் முத்திரையும் பெற்று வரவேண்டும். 2020 ஆம் ஆண்டில் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் நோயாளிகளுக்குரியவை நிறுத்தப்படவில்லை. இதனை அறியாமல் முழுக் கட்டணம் செலுத்துவோர் இன்றும் உளர். வெளியூரில் தங்க இடமின்றித் தவிப்போர், 2006 ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் குழந்தைகள் இல்லத்தைப் பற்றி மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேட்கலாம். நோயுற்ற குழந்தையும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்கும் அவ்வில்லங்கள் சென்னையிலும் உள்ளன. மாநில அரசுகளின் மருத்துவக் காப்பீடு குடும்ப அட்டை எந்த மாநிலத்தது என்பதைப் பொறுத்தே கிடைக்குமாதலின், எந்த ஊருக்குச் செல்வது என்று முடிவு செய்யுமுன் அதனையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தமிழும் தெலுங்கும் நன்கறிந்து, மருத்துவமனைக்கு உடன் செல்ல இசைவோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் செயலாளர் ஆயத்தம் செய்து வைத்தல் வேண்டும். பத்துப் பெயர் போதும். மாதத்திற்கு ஒருநாள் என்று ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்டால், நம் பிள்ளை எதுவும் தன் நோய்ச் செய்தியைத் தானே தாய்க்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலை வராது. முதற் பெயராக நம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டோம். மற்ற ஒன்பதும் இவ்விதழ் உங்கள் கைக்கு எட்டிய வாரத்திலேயே நிறைவுறும் என்று நம்புகிறோம்.